தண்டில் முத்திரை இல்லையாம்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து மூணாறுக்கு ஒரு டிரையல்ஸ் பைக்கோடு

உடுமலைப்பேட்டை வழியாக மூணாறு போவதைப் பற்றி இங்கே எழுதியதிலிருந்து, பைக்கில் கிளம்பும் பிள்ளைகள் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "அம்மா, நீங்க முதல்ல அந்த வழியா போனது எப்போ?" எழுபதுகளின் நடுவில் போனேன். பைக்கில் போகவில்லை, ஒரு தேங்காய் லாரியில் போனேன். பைக் பின்னால் தேங்காய் மேல் படுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் வழியையும் சொல்கிறேன், கோபத்தையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். டிரையல்ஸ் என்பது வேகப் போட்டி இல்லை. பாறை, ஓடை, வழுக்கு மண் என்று ஒரு பாதை போட்டிருப்பார்கள். அதில் கால் தரையில் படாமல் மெதுவாக ஓட்டி முடிக்க வேண்டும். கால் ஊன்றினால் புள்ளி போகும். மூணாறுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் ஒரு கிளப் அப்படிப்பட்ட போட்டி வைப்பதாக எங்கள் வீட்டுக்காரர் கேள்விப்பட்டார். அவர் பெயர் ரங்கசாமி. கட்டினவன் பெயரைச் சொன்னால் ஆயுள் குறையும் என்று எங்கள் பக்கத்தில் பயமுறுத்துவார்கள். அவருக்கு எண்பத்திரண்டு வயது முடிந்துவிட்டது, இன்னும் ராகிக் களியில் உப்பு பத்தவில்லை என்று சண்டை போடுகிறார்.

அவர் ஓட்டுகிறவர், செய்கிறவள் நான். கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்கு ஒரு கடைசல் பட்டறை இருந்தது. ஆயில் எஞ்சினுக்கு புஷ், பம்புசெட்டுக்கு ஷாஃப்ட், இவைதான் அன்றாட வேலை. லேத்தில் நின்றது நான். அவருக்கு வாடிக்கையாளர்களிடம் பேசுவது பிடிக்கும், இரும்பிடம் பேசப் பொறுமை கிடையாது.

யாரோ ஓட்டி, எங்கோ மோதி, வேண்டாமென்று விற்ற ஒரு 175 சிசி வண்டியை வாங்கினோம். மலையில் மெதுவாக ஏற, பின்சக்கரத்துக்குப் பெரிய பல் சக்கரம் வேண்டும். பல் வெட்டும் மெஷின் எங்களிடம் இல்லை. தகட்டை வட்டமாகக் கடைந்து, லேத்தின் அறுபது பல் கியரையே கணக்காக வைத்து அறுபது புள்ளி குத்தி, ஒவ்வொன்றிலும் டிரில் போட்டு, ரம்பத்தால் வாய் திறந்து, அரத்தால் ராவினேன். பதினொரு நாள் ஆயிற்று. கால் வைக்கும் கட்டையைப் பின்னால் தள்ளி வைத்தேன். கடைசியாக ஸ்டியரிங் தண்டு. ஹேண்டிலையும் முன்சக்கரத்தையும் வண்டியோடு பிடித்து வைத்திருப்பது அதுதான். ஹேண்டில் உயரமாக நிற்க வேண்டும், கம்பெனித் தண்டு ஒன்றரை அங்குலம் குட்டை. ஒடிந்த லாரி ஆக்சில் ஒன்றை வாங்கிக் கடைந்தேன். இரும்பை வெட்டும் டூல் நான்கு மழுங்கின. தண்டு, முன்சக்கர ஃபோர்க்கைப் பிடிக்கும் அடித்தட்டோடு சேரும் கழுத்தில் கூர்மூலை விடாமல் உருட்டிவிட்டேன், ஏனென்றால் எந்தத் தண்டும் விரிசல் விடுவது அங்கேதான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. பட்டறையை விட்டு வெளியே போகும் எதற்கும் சந்தனம் குங்குமம் வைக்காமல் நாங்கள் அனுப்ப மாட்டோம். வண்டிக்கு வைத்தேன். மாற்றுச் சாமான் பெட்டியில் கிடந்த பழைய கம்பெனித் தண்டுக்கும் கழுத்தில் வைத்தேன். எண்ணெய் துடைக்காத இரும்பில் குங்குமம் வைத்தால் கரைந்து ஓடும் என்று தெரியாதவள் இல்லை நான். அவசரம், வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை விடிகாலை ஐந்து இருபதுக்கு லாரி கிளம்பியது. எங்கள் இரண்டு பேருக்கும் வண்டிக்கும் சேர்த்துப் பன்னிரண்டு ரூபாய். கோபாலபுரம் தாண்டும்போது டிரைவர் ஆரம்பித்தார்.

"ஏனுங்க்கா, ஊட்டுக்காரரு வண்டி ஓட்டப் போறாரு, செரி. நீங்க எதுக்குங்க இத்தனை தூரம்? சமைச்சுப் போடவா?"

"வண்டிச் சாமான் செஞ்சது நானுங்கண்ணா. கூடப் போயி பாக்க வேண்டாமுங்களா?"

அவர் சிரித்தார், எங்கள் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அன்றைக்கு எனக்கு முதல் கோபம் அங்கேதான் வந்தது, மணி ஆறுகூட ஆகவில்லை.

பொள்ளாச்சி இருபத்தைந்து கிலோமீட்டர், ஆறே முக்காலுக்கு வந்தோம். இட்லியும் காப்பியும் இரண்டு பேருக்கு ஒரு ரூபாய் எண்பது காசு. அங்கிருந்து உடுமலை முப்பது கிலோமீட்டர், எட்டே கால். அதற்குப் பிறகு காடு. மலையடிவாரத்தில் ஒரு செக்போஸ்ட்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்ததும் காவலர் மூக்கைச் சுருக்கி, சந்தன வாசனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். தண்டுக்கு வைத்த பொட்டு என்றேன். நம்பவில்லை. சந்தனக் காடு இருக்கும் மறையூருக்கே சந்தனம் கடத்திக்கொண்டு போகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்து முப்பத்தைந்து நிமிடம் தின்றார்கள்.

மறையூர் பத்து ஐம்பது. அதற்கு மேலே தேயிலை ஆரம்பிக்கிறது, குளிரும் ஆரம்பிக்கிறது. மூணாறு வந்தபோது மதியம் ஒன்று பத்து. உடுமலையிலிருந்து எண்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகளில் லாரி தவழ்கிறது. எஸ்டேட் அங்கிருந்து இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். வண்டியை அவர் ஓட்டினார், நான் பெட்டியோடு எஸ்டேட் ஜீப்பில் போனேன்.

மூன்று மணிக்குத் தொழிற்சாலைப் பட்டறையில் வண்டிப் பரிசோதனை. பரிசோதகர் ராமசேஷன் என்று ஒரு எஞ்சினியர், கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். வெள்ளைச் சட்டை, கையில் சாக்பீஸ். சரியாக இருக்கும் சாமான் மேல் சாக்பீஸால் பட்டையாகக் கோடு போடுவார். பல் சக்கரத்துக்குப் போட்டார், கால் கட்டைக்குப் போட்டார். தண்டிடம் வந்து நின்றுவிட்டார்.

"இதுல முத்திரை எங்கேயாக்கும்?"

"முத்திரை இல்லீங்க. பட்டறையில செஞ்சதுங்க" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"செஞ்சது யாரு?"

"ஊட்டுக்காரிங்க."

சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். பரிசோதகர் சிரிக்கவில்லை, அதைவிட மோசம், என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அவரிடமே பேசினார். "கேட்டேளா, ஸ்டியரிங்ல விளையாட முடியாது. கம்பெனி முத்திரை இருக்கணும், ரூல்ஸ்ன்னு ஒண்ணு உண்டோல்லியோ. பழசு இருந்தா மாட்டிண்டு வாங்கோ. இல்லேன்னா நாளைக்கு ஓட்ட வேண்டாம்."

நான் வாயைத் திறந்தேன். "அம்மா, லேடீஸ்க்கு அந்தப் பக்கம் வராந்தாவுல டீ வச்சிருக்கு" என்றார்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். எங்கள் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? "பழசு பொட்டியில இருக்குதுங்க சார், மாட்டிர்றேன்" என்றார். நான்கு டூல் மழுங்கக் கடைந்தவள் பக்கத்தில் நிற்கிறேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அந்தத் தண்டு மோதுன வண்டியில இருந்ததுங்க. அதை மாட்டிட்டு பாறை மேல ஏறப் போறீங்களா?"

"இத்தனை தூரம் வந்தாச்சு புள்ள. ஒரு நாளைக்குத் தானே, தாங்கும். நீ போயி டீயக் குடி."

போனேன். டீயை வாங்கி ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வராந்தாவில் இருந்த அம்மாமார்கள் நல்லவர்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். முத்திரை இல்லாத அவமானம் ஒரு பக்கம். நாளைக்கு அந்தக் குட்டைத் தண்டோடு அவர் பாறையில் ஏறப் போகிறாரே என்ற பயம் இன்னொரு பக்கம்.

ஐந்தே காலுக்குத் திரும்பிப் போனேன். தண்டை மாற்றி முடித்திருந்தார்கள். உதவி செய்த எஸ்டேட் ஃபிட்டர் இசக்கிமுத்து கை துடைத்துக்கொண்டிருந்தார், திருநெல்வேலிப் பக்கத்து வம்சம். பரிசோதகர் கழுத்தில் பட்டையாகச் சாக்பீஸ் போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போயிருந்தார். குனிந்து பார்த்தேன். வெள்ளைப் பட்டைக்கு நடுவில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு.

பட்டறைக்காரர்களுக்கு இது புரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். விரிசல் இருக்கிறதா என்று பார்க்க இரும்பில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தேய்ப்பது வழக்கம். விரிசலுக்குள் போன எண்ணெயைச் சாக்பீஸ் உறிஞ்சி ஈரக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். இங்கே எண்ணெயில் என் குங்குமம் கரைந்து உள்ளே போயிருந்தது, சாக்பீஸை அவரே தேய்த்திருந்தார்.

"சார், இங்க வாங்க!" நான் கத்திய கத்தலில் பட்டறையே திரும்பியது.

அவர் வந்து பார்த்தார். "குங்குமம் ஒழுகியிருக்கு, அவ்வளவுதானே. இரும்புக்குப் பொட்டு வச்சா அப்படித்தானாக்கும்."

"ஒழுகுனா திட்டா இருக்குமுங்க. இப்படிக் கோடா நிக்காதுங்க. மண்ணெண்ணெய் குடுங்க, தொடச்சிட்டுத் திரும்பப் போடலாம்."

இசக்கிமுத்து கேட்காமலே டப்பாவைக் கொண்டுவந்தார். கழுவி, துணியால் உலரத் துடைத்து, புதுச் சாக்பீஸ் தேய்த்தேன். ஐந்து நிமிடம் காத்திருந்தோம். அதே இடத்தில், அதே கோடு, அரை விரல் நீளத்துக்கு வந்தது.

"ஏ தாயி, திரும்பியும் வந்துட்டுல்லா!" என்றார் இசக்கிமுத்து. "சார்வாள், பாத்தியளா?"

என் தண்டையும் அப்படியே கழுவித் தேய்த்துக் காட்டினேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்த மனிதர் சொன்னதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

"அது மாட்டப்படாது, சம்மதிச்சேன். ஆனா உங்க பார்ட்லயும் முத்திரை இல்லையே. ரெண்டும் முடியாதுன்னு எழுதிடறேன்."

"அண்ணாச்சி, அதைக் கழட்டி வைஸ்ல கட்டுங்க" என்றேன். இசக்கிமுத்து கழற்றி, தட்டை வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவில் இறுக்கினார். பெரிய சுத்தியலை எடுத்தேன். முதல் அடிக்குத் தண்டு லேசாகச் சாய்ந்தது. இரண்டாவது அடிக்குக் கழுத்தில் ஒடிந்து தரையில் உருண்டது. ஒடிந்த முகத்தில் பாதிக்கு மேல் பழைய துரு, ஓரத்தில் மட்டும் புது இரும்பு. கம்பெனி ஒழுங்காகத்தான் செய்திருக்கும், முன்னால் வைத்திருந்தவர் எங்கே கொண்டுபோய் மோதினாரோ.

எங்கள் வீட்டுக்காரர் அந்தத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

அடுத்து என் தண்டை வைஸில் கட்டச் சொன்னேன். சுத்தியலைப் பரிசோதகர் கையில் கொடுத்தேன். "நீங்களே அடிங்க சார்." நாலு அடி அடித்தார், நன்றாகவே அடித்தார். சுத்தியல்தான் துள்ளியது.

பிறகு பெட்டியிலிருந்து, இரும்பில் புள்ளி குத்தும் சென்டர் பஞ்சை எடுத்தேன். என் பெயர் பழனியம்மாள். நல்ல வேளை, 'ப'வுக்கு மூன்று கோடு போதும். தட்டின் ஓரத்தில் ஒன்பது புள்ளி குத்தினேன்.

"முத்திரை வேணும்னீங்க. இப்ப இருக்குதுங்க."

அவர் ரொம்ப நேரம் அந்தப் புள்ளிகளைப் பார்த்தார். "உங்க பேரு என்னம்மா?" என்று முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். சாக்பீஸை எடுத்துக் கோடு போட்டார். மன்னிப்பா? அதெல்லாம் கேட்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை.

ஏழரை மணிக்குள் திரும்ப மாட்டிவிட்டோம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போட்டி. பதினான்கு பேரில் எங்கள் வீட்டுக்காரர் பதினோராவது. சாமானில் குறை இல்லை, ஓட்டினவர் சுமார். நான்காவது பாதையில் பாறை உச்சியிலிருந்து வண்டியோடு எட்டடி கீழே ஓடையில் விழுந்தார். ஹேண்டில் பார் வளைந்தது, அவருக்கு முழங்கால் தோல் போனது. தண்டு நேராக நின்றது. பரிசோதகர் ஓடிப்போய்த் தண்டைத் தடவிப் பார்த்தார். நான் அவரைத்தான் பார்த்தேன், தண்டை எனக்குத் தெரியும்.

அன்றைக்கே லாரியில் திரும்பினோம், ஒடிந்த பழைய தண்டை அவர் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். உடுமலை தாண்டினதும், "இனிமே உன்னையக் கேக்காம ஒரு நட்டுக்கூட மாத்த மாட்டேன் புள்ள" என்றார். அந்த விஷயத்தில் இன்றுவரை வாக்குத் தவறவில்லை.

இப்போது போகிற பிள்ளைகளுக்கு: உடுமலையிலிருந்து காலை ஆறரைக்குள் கிளம்புங்கள், காட்டு வழியில் மாலையில் வண்டிகளை விடுவதில்லை, நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மறையூருக்கு மேலே சட்டைக்குள் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். மலை ஏறுமுன் ஸ்டியரிங் கழுத்தைக் கழுவி, மண்ணெண்ணெயும் சாக்பீஸும் போட்டுப் பாருங்கள், வண்டி புதிது என்றாலும் பாருங்கள். எண்ணெய் இருக்கும் இடத்தில் குங்குமம் வைக்காதீர்கள் என்று சொல்ல வந்தேன், சொல்ல மனம் வரவில்லை. நீங்களே செய்த சாமானைக் காட்டி முத்திரை எங்கே என்று யாராவது கேட்டால், பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். வைஸ் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.