கருத்து சொன்னதற்கான அபராதம்

ஜீலுங் துறைமுகத்து மீன்சந்தையில் ஜியென் யூ-சின்னைப் பெயர் சொல்லி அழைப்பவர் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. எந்தப் பள்ளியிலும் அவர் பாடம் நடத்தியதில்லை. வங்கி ஒன்றில் கணினிப் பாதுகாப்பைக் கவனித்து ஓய்வு பெற்றபின், இணைய இதழ் ஒன்றில் வாராவாரம் பத்தி எழுதினார். பத்திரிகையில் எழுதுகிறவரை ஆசிரியர் என்று அழைப்பது தைவானில் வழக்கம்.

கடவுச்சொல் திருட்டு, தெருமுனைக் கேமரா, அடையாள அட்டையில் சில்லு பதிக்கலாமா என்ற சண்டை, தேர்தல் சட்டம் என்று எதை எடுத்தாலும் தீர்ப்புப் போல ஒரு வரியில் முடிப்பார். அவற்றில் அதிகம் பரவியது கருத்துக்கணிப்புத் தடையைப் பற்றி எழுதியது. வாக்குப்பதிவுக்கு முந்தைய பத்து நாளில் கணிப்புகளை வெளியிடக் கூடாது, அவற்றைப் பற்றிக் கருத்தும் சொல்லக் கூடாது. "பெரிய பத்திரிகைக்கும் சந்தைக் கடைக்கும் ஒரே சட்டம்தான். தெரியாது என்பது சாக்கு ஆகாது" என்று எழுதியிருந்தார். வாதத்தைவிட மிடுக்கு அதிகமான வரி. ஆனாலும் பலர் மேற்கோள் காட்டினார்கள்.

மேயர் தேர்தல் வந்தது. தடை தொடங்குவதற்கு முதல் நாள், மதியம் வழக்கமாகச் சாப்பிடும் மீன் உருண்டைக் கடையில் அதன் சொந்தக்காரி லான் அக்காவிடம் சொன்னார்:

"நாளையிலேர்ந்து கணிப்பு கிணிப்புன்னு தெருக் குழுவுல எதையும் போட்டுடாதீங்க அக்கா. அபராதம் தீட்டிடுவாங்க."

"அட போ டீச்சரம்மா. மீன் உருண்டை விக்கிறவ சொல்லித்தான் மேயர் ஜெயிக்கப் போறாராக்கும்! சூப் ஆறுது, குடி."

மூன்றாம் நாளே லான் அக்கா தெருவாசிகளின் கைபேசிக் குழுவில் ஒரு கணிப்புப் படத்தைப் போட்டாள். அவளுடைய வேட்பாளர் முந்துவதாக அதில் இருந்தது. யூ-சின் பார்த்தார். தப்பான எண்ணைக் கண்டால் திருத்திவிடுவது அவர் கையின் பழக்கம். "இது பழையது. வீட்டுத் தொலைபேசியில் மட்டும் கேட்டு எடுத்தது. நம்பாதீர்கள்" என்று எழுதி அனுப்பினார்.

தான் செய்ததும் கருத்து சொல்வதுதான் என்பது மறுநாள் பல் துலக்கும்போது உறைத்தது. அழித்தார். அதற்குள் யாரோ இரண்டையும் படம் பிடித்துத் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

இருவருக்கும் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. லான் அக்கா குடையை மடக்காமலே யூ-சின் வீட்டுக்குள் வந்தாள்.

"உன் பேரைப் பாத்துட்டுத்தான் எவனோ படம் புடிச்சிருக்கான். நான் மட்டும் போட்டிருந்தா நாய்கூட மோந்து பாத்திருக்காது."

"ஆமா அக்கா."

"ஆமாங்கிறதுக்கு எதுக்கு ஒரு டீச்சர்? கேளு. தடை இருக்கிறதே தெரியாதுன்னு சொல்லியிருக்கேன். தெரியாம செஞ்சா அபராதத்தைக் குறைப்பாங்களாம். உன்னையும் கேப்பாங்க. நீ மாத்திச் சொன்னா, கடையை மூடிட்டு மருமக வீட்டுல பாத்திரம் தேய்க்கணும் நான்."

அவள் போனபின் யூ-சின் தரையில் சொட்டியிருந்த நீரைத் துடைத்தார்.

ஆணையத்தில் விசாரித்த அதிகாரி மரியாதையானவர்.

"உங்க பத்தியைப் பயிற்சி வகுப்புல படிச்சிருக்கோம் டீச்சர். நீங்க கணிப்பு தப்புன்னுதானே சொன்னீங்க? ஆனாலும்..."

"அதுவும் குத்தம்தான். தெரிஞ்சவதான் நான். அப்படியே எழுதிக்குங்க."

"சரி. கடைக்கார அம்மாவுக்கு? தடையைப் பத்தி யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தாங்களா?"

யூ-சின் தனக்குள் எதையோ தேடினார். அச்சமோ வெட்கமோ, கோபமாவது இருக்க வேண்டும். பல் பிடுங்க ஊசி போட்டபின் ஈறைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது. விரல் படுவது தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

"இல்ல. யாரும் சொல்லல. நானும் சொல்லல."

அதிகாரி எழுதினார். யூ-சின் கையெழுத்துப் போட்டார்.

லான் அக்காவின் அபராதம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. கடை தப்பியது. யூ-சின்னுக்கு முழுதாக விழுந்தது.

"பாத்தியா, உன் சட்டத்துக்கும் கொஞ்சம் ஈரம் இருக்கு" என்று லான் அக்கா கிண்ணத்தை நிரப்பி முன்னால் தள்ளினாள். யூ-சின் சாப்பிட்டார். சூடு தெரிந்தது.

இதழின் ஆசிரியர் தொலைபேசியில் உற்சாகமாக இருந்தார். "இந்தச் சட்டம் அநியாயம்னு எழுதுங்க டீச்சர். உங்களுக்கே நடந்த கதை, பிச்சுக்கிட்டுப் போகும்."

அநியாயம் என்று அவர் அப்போதும் நினைக்கவில்லை. நியாயம் என்று எழுதுவதானால், அதிகாரியிடம் சொன்ன ஒரு பதிலை மறைத்துவிட்டு எழுத வேண்டும். திரையின் முன்னால் உட்கார்ந்து பார்த்தார். இந்த வாரம் பத்தி இல்லை என்று ஆசிரியருக்குச் சொன்னார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கு அடுத்த வாரம் ஆசிரியர் கேட்கவில்லை.