“எங்களைப் பற்றி” என்ற பக்கம்

உடைந்துபோன என் கேமராவின் கார்டில் கடைசியாகப் பதிவான படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. அடுப்பின் மேல் அகன்ற இரும்புச் சட்டி, அதில் வெண்ணெய் உருகி நுரைத்துக்கொண்டிருக்கிறது. சட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் கை நீளக் கரண்டியைப் பிடித்திருக்கிறது. படத்தின் வலது ஓரத்தில், மங்கலாக, ஓர் ஆணின் கால். அது யாருடைய கால் என்று பட்டனை அழுத்தியபோது எனக்குத் தெரியாது.

சேலம் சூரமங்கலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, சிறு கடைகளுக்கு வலைத்தளம் செய்து தருவதுதான் என் தொழில். ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்த அக்கா என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். நெய்க்கடை வைத்திருந்த குடும்பத்துக்கு வாக்கப்பட்டவர். கடைக்கு மாமனார் பெயர். பதினாறு வருடம் அந்தக் கடையில் விற்ற நெய் முழுவதும் அக்கா வீட்டில் உருக்கியது. கணவர் இறந்ததும் கொழுந்தன் கடையை எடுத்துக்கொண்டான். “நீ பாட்டுக்கு ஊட்ல உருக்கிக் குடு, விக்கறத நான் பாத்துக்கறேன்” என்றானாம். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்துத் தனியாக உருக்க ஆரம்பித்திருந்தார் அக்கா. கடைத்தெருவில் நின்று விற்க வழியில்லை. அங்கே கொழுந்தன் இருந்தான். அதனால்தான் வலைத்தளம்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்துக் கடைக்காரருடையதைப் போல ஒன்று வேண்டும் என்பார்கள். அக்கா அப்படிக் கேட்கவில்லை. யார் பார்ப்பார்கள், பார்த்ததும் அவர்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று நான் கேட்டபோது, கொஞ்சம் யோசித்து, “நெய்யி கெட்டுப்போனா யாரத் திட்டறதுன்னு மொதல்ல தெரியணுமுங்க” என்றார். நான் எழுதிய எத்தனையோ திட்டத்தாள்களில் அவ்வளவு தெளிவான வரி வந்ததில்லை. நாலே பக்கங்கள் போதும் என்று முடிவு செய்தோம். போன் நம்பர் எல்லாப் பக்கத்திலும் மேலேயே. விலையை மறைக்கக் கூடாது. வெண்ணெய் எந்தெந்த ஊரிலிருந்து வருகிறது என்பதை எழுத வேண்டும். மாதிரிக்கு நான் வைத்திருந்த, பச்சைப் புல்வெளியில் நிற்கும் மாட்டுப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “இந்த மாட்ட நம்மூர்ல எங்கீங்க பாத்தீங்க?” சிக்னல் சரியாக வராத பஸ் ஸ்டாண்டில் நின்று என் போனில் திறந்து பார்த்தோம். படங்கள் வர நேரமானது. அவற்றைச் சுருக்கினேன்.

“எங்களைப் பற்றி” என்ற பக்கத்தில்தான் தகராறு வந்தது. அக்காவின் முகம் இருக்க வேண்டும் என்றேன் நான். “மொகமெல்லாம் எதுக்குங்க, நெய்யி போதாதா?” என்று தயங்கினார். முகம் தெரிந்தால்தான் முன்பின் பார்க்காதவர்கள் நம்பி வாங்குவார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். படத்தின் கீழே நான் எழுதியிருந்த வழவழா வாசகத்தைப் படித்துவிட்டு, அதை அடித்துப் போட்டு, அவரே ஒரு வரி சொன்னார்: “பதினாறு வருடமாக ராசிபுரம் கடையில் நீங்கள் வாங்கிய நெய்யை உருக்கியவள் நான்தான்.”

தளம் வெளியாகி மூன்றாவது வாரத்தில் பழைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக அக்காவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நெய் உருக்குவதைப் படம் எடுத்துப் போடலாம் என்று ஒரு நாள் காலை கொட்டகைக்குப் போனேன். பதினொரு மணி இருக்கும். நான் குனிந்து சட்டியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது கொழுந்தன் உள்ளே வந்தான். கையில் லாரி டயர் கழற்றும் இரும்புக் கம்பி.

“யாருடி உருக்குனது? எங்கப்பன் பேருல இருக்கற கடைடி அது!”

முதலில் அடுக்கி வைத்திருந்த நெய் டின்களை அடித்தான். ஒவ்வோர் அடிக்கும் தகரம் பிளந்து நெய் தரையில் ஓடியது. அக்கா, “என்ர பொருளத் தொடாத, வெளிய போ” என்றார். அவன் அவர் தலைமுடியைச் சுற்றிப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒருமுறை அல்ல, மூன்று முறை. பிறகு அடுப்பை உதைத்தான். சட்டி சாய்ந்தது. கொதித்துக்கொண்டிருந்த நெய் அக்காவின் இடது கையிலும் தொடையிலும் கொட்டியது. சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டது. அவர் கத்தவில்லை. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. தீய்ந்த வாடை மட்டும் வந்தது.

நான் அவனைத் தள்ளப் போனேன். கம்பி என் தோளில் இறங்கியது. கேமரா தெறித்து விழுந்தது, அதையும் மிதித்தான். தரையில் கிடந்த நீளக் கரண்டி என் கைக்குக் கிடைத்தது. அதன் முனையில் சூடு இன்னும் ஆறவில்லை. அவன் முகத்தில் அடித்தேன். அவன் நெய்யில் வழுக்கி விழுந்தான். விழுந்தவனை மறுபடியும் அடித்தேன், மறுபடியும். முதல் அடி எங்களைக் காப்பாற்ற என்று ஸ்டேஷனில் சொன்னேன், அது உண்மை. மற்ற இரண்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அடிக்கும்போது எனக்கு நன்றாக இருந்தது என்பதை இப்போதுதான் எழுதுகிறேன்.

அக்காவைச் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கையிலும் தொடையிலும் கட்டு. என் தோள் எலும்பில் விரிசல். நாலாம் நாள், கொழுந்தனின் உறவுக்காரர் ஒருவர் எங்கள் அத்தாவுக்குப் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினாராம். “உங்க பொண்ணும் அடிச்சிருக்குதுங்க. அவனுக்குக் கண்ணு தப்புனதே பெருசுங்க. அந்தப் பக்கத்த எடுத்துட்டாப் போதும், பேசி முடிச்சுக்கலாமுங்க.” அத்தா ரயில்வேயில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்தது கிடையாது. “நமக்கு எதுக்கும்மா இந்த வம்பு?” என்றார். நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அக்காவின் முகத்தை எடுத்தேன். அந்த வரியையும் எடுத்தேன். அந்த இடத்தில் பச்சைப் புல்வெளி மாட்டை வைத்தேன். அக்காவிடம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டாம் நாள் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. பக்கத்துப் படுக்கைக்காரரின் போனை வாங்கித் தளத்தைப் பார்த்துவிட்டு, அதிலேயே பேசினார் அக்கா. குரல் கம்மியிருந்தது.

“சாமி, என்ர மொகத்த யாரு எடுத்தது?”

“நான்தான் அக்கா.”

“யாரு சொன்னாங்க?”

அத்தாவுக்கு வந்த போனைப் பற்றிச் சொன்னேன். பயந்துவிட்டேன் என்றேன். பின்னால் வார்டில் யாரோ முனகுவது கேட்டது.

“அவன் கையில இரும்பு இருந்துச்சு. உன்ர கையில என்ன இருந்துச்சு?” என்று கேட்டார். போனை வைத்துவிட்டார்.

இரண்டு நாள் நான் அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் காலை அக்காவின் படத்தையும் வரியையும் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, அத்தாவிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு, “சமாதானம் இல்லைன்னு ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிடுவோம், வா” என்றார். போகும் வழியெல்லாம் எனக்கு முன்னால் நடந்தார்.

கொழுந்தன் சில வாரம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். வழக்கு நடக்கிறது, என் மேல் அவன் கொடுத்த புகாரும் சேர்ந்து. கோர்ட் வராந்தாவில் அவனைப் பார்க்கும்போது, இமைக்குக் கீழே நான் போட்ட தழும்பு தெரியும். வருத்தப்பட முயன்று பார்த்திருக்கிறேன். அதற்குள் என் வலது கை தானாக மூடிக்கொள்கிறது. அக்காவின் இடது கையில் மூன்று விரல்கள் மடங்குவதில்லை. வலது கையால் கிண்டுகிறார். கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நெய் கேட்டு ஆர்டர் வருகிறது.

இப்போது புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்விகளில் ஒன்று கூடியிருக்கிறது. யார் பார்ப்பார்கள் என்று கேட்ட பிறகு, இதைப் பார்த்தால் யாருக்குக் கோபம் வரும் என்றும் கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சில பெண்கள் சிரிப்பதில்லை.

போன மாதம் அக்காவிடம் இதைச் சொன்னேன். அன்றைக்கே இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்காமல், முகம் முகம் என்று பிடிவாதம் பிடித்தேனே என்றேன். அவர் வலது கையால் டின்னுக்கு மூடி போட்டுக்கொண்டே, நிமிராமல் பதில் சொன்னார்.

“கேட்டிருந்தீன்னா, கதவுக்கு ஒரு தாப்பா போட்டிருப்பேன். படத்தப் போட்டுத்தான் இருப்பேன்.”