வெயிலில் தெரிந்த நீலம்

சென்ற ஆவணி வளர்பிறையில் என் தம்பிக்கு நிச்சயதார்த்தம். மோதிரத்துக்கு ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தைத் தேனியில் வாங்கினோம். தரச் சான்றிதழை வரிவரியாகப் படித்த நான், கல்லைக் கடை விளக்கொளியில் மட்டுமே பார்த்தேன்.

சனீஸ்வரன் கோயிலுக்குப் பேர்போன குச்சனூரில், மோதிரம் போட்ட பிறகு பெண் வீட்டு வாசல் வெயிலில் கல் லேசாக நீலம் காட்டியது. பெண்ணின் அத்தை அவள் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஏத்தா, வைரம்னாக! சனீஸ்வரன் ஊருக்கே நீலக்கல்லக் கொண்டாந்திருக்காக!"

"வைரந்தாங்கம்மா. லேபுல வளக்கையில சிலதுல இப்படி நீலம் ஓடும்" என்றேன்.

"அப்ப செஞ்ச கல்லா?"

மோதிரம் அப்போதே கழன்றது. வேறு கல் மாற்றித் தருவதாகச் சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை, சம்பந்தம் முறிந்தது.

இப்போது யார் வைரம் வாங்கினாலும், வெள்ளைத்தாளில் வைத்து வாசல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்கிறேன். தம்பியிடம் அதைச் சொல்லும் நாள் வருமென்று தோன்றவில்லை. பெண் பார்க்கும் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான்.