பாய்லர் அண்ணனும் பழைய நீராவிக் குழாயும்

எண்பதுகளின் தொடக்கத்தில், விளாங்குடிப் பக்கம் ஒரு நூற்பாலையின் மின் நிலையத்தில் நான் இளநிலைப் பொறியாளன். உலோகவியல் படித்தவன் என்பதால், ஆலையில் எந்தப் பூட்டு திறக்காவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பாய்லருக்குப் பொறுப்பு எழுமலைக்கார அண்ணன் ஒருவர். பாய்லரிலிருந்து டர்பைனுக்குப் போகும் நீராவிக் குழாய்க்கு நேர் கீழேதான் அவருடைய ஸ்டூல். ஆயுத பூசையன்று டர்பைனுக்கு ஒரு பொட்டு என்றால், குழாய்க்குப் பட்டை பட்டையாக விபூதி. நான் வாய்ப்பாடு ஒப்பித்த காலத்திலிருந்து கடும் சூட்டில் கிடந்த குழாய் அது.

பொங்கல் லீவில் பாய்லரை அணைத்திருந்தார்கள். குழாயின் மேலுறையைப் பிரித்து, ஓரிடத்தைக் கண்ணாடிபோலத் தேய்த்து, அமிலம் தடவி, இளக்கிய பிளாஸ்டிக் தாளில் அதன் ரேகையை ஒற்றியெடுத்தேன். கல்லூரியில் இரவல் வாங்கிய நுண்ணோக்கியில் பார்த்தால், எஃகுக்குள் அடுக்கடுக்காக இருந்து அதற்கு வலுத் தரவேண்டிய கார்பைடு உடைந்து உருண்டை உருண்டையாகத் திரண்டிருந்தது. படிகங்கள் ஒன்றையொன்று தொடும் ஓரங்களில் பொடித் துளைகள் வேறு. மாற்றாமல் பாய்லரை மூட்டினால், என்றாவது ஒருநாள் அண்ணன் தலைக்கு மேலேயே வெடிக்கும்.

முதலாளியோ அண்ணன் சொல்லாமல் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கமாட்டார். குழாயை மாற்ற அண்ணன் மறுத்துவிட்டார். வருடாவருடம் தண்ணீர் ஏற்றி, ஓடும் அழுத்தத்தைவிடக் கூட்டிச் சோதித்தும் ஒரு சொட்டு கசியவில்லையே என்றார். பச்சைத் தண்ணீரில் தேறியது சூட்டிலும் தேறும் என்று சொல்ல முடியாது என விளக்கினேன். நடுவில் அவர் எழுந்துபோய் காபி குடித்துவிட்டு வந்தார். நான் விளக்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில் புரோட்டாவிடம் சரணடைந்தேன்.

"புரோட்டாவுக்கு அடுக்குதான்ணே பலம். கல்லுலயே போட்டு வச்சா அடுக்கெல்லாம் போயிரும்ல? இதுவும் அப்படித்தான்."

"அதத்தான தம்பி கொத்திப் போடுறாக. அதுக்குத்தான் கூட்டமே."

என் பட்டத்துக்கு வந்த சோதனை. நுண்ணோக்கியை அவர் மேசைக்கே தூக்கிவந்து, புதுக் குழாயின் எஃகு உள்ளே எப்படி இருக்கும் என்ற படத்தையும் பக்கத்தில் வைத்தேன். மாற்றி மாற்றிப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"நான் எதுவும் சூட்டக் கூட்டி ஓட்டிட்டேனா?"

"இல்லண்ணே. நீங்க பதமா ஓட்டுனதாலதான் இம்புட்டு நாள் தாங்கியிருக்கு."

மறுநாள் அவரே முதலாளியிடம் போய் மாற்றச் சொன்னார்.

குழாயை அறுத்து இறக்கிய நாளில், லாரிக்குத் தூக்கிக்கொண்டு போன ஆட்களை நிறுத்தி, பாய்லரோடு சேர்ந்திருந்த முனை எது என்று கேட்டார். அதுதான் தலையாம். வீட்டுப் பெரியவர்களைக் கொண்டுபோவதுபோல் கால்மாடு முன்னால் போகட்டும் என்றார். ஆட்கள் மறுபேச்சில்லாமல் திருப்பிப் பிடித்தார்கள். கேட்வரை அவர் பின்னாலேயே நானும் நடந்தேன். எஃகுக்கும் சாவு உண்டு என்று அவரிடம் சாதித்தவன் நான். போகாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?