ஊர்வலம் வேறு, காப்பி வேறு

அகாத்தா மான்செர் என்பவளுக்கு யாரையும் மதிக்கத் தெரியாது என்று கோன்டன் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது முழு உண்மை இல்லை. வானத்தைப் பார்த்துப் புல் அறுக்கிறவர்களை அவள் மதித்தாள். மடி நோகாமல் பால் கறக்கிறவர்களை மதித்தாள். எண்ணிப் பார்த்தால் ஊரில் அப்படி நாலைந்து பேர் தேறுவார்கள். மற்றவர்கள் விஷயத்தில் ஊர் சொன்னது சரிதான்.

கைக்குட்டைகளில் பூத்தையல் போட்டுப் பிழைத்த வீட்டில் ஆறாவது பெண்ணாகப் பிறந்தவள் அவள். ஒரு சாண் புல்நிலம்கூட அந்த வீட்டுக்கு இல்லை. ஏழு வயதிலிருந்து தினமும் மாலையில் தூக்குவாளியோடு ஏதாவது ஒரு பண்ணைக்காரர் வீட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றாள். யாரும் திட்டவில்லை. “பாவம், சின்னப் பொண்ணு” என்று சொல்லித்தான் ஊற்றினார்கள். அந்தப் ‘பாவம்’ அவளுக்குப் பாலைவிடச் சீக்கிரம் புளித்துவிட்டது. பின்னாளில் தச்சுவேலை செய்யும் வெண்டெலின் அவளைப் பெண் கேட்டு வந்தபோது அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “உன் வீட்டுல ஆடு இருக்கா?”

இருந்தது. ஓர் இளம் வெள்ளை ஆடு. அது பத்து வருடம் பால் கொடுத்து, மூன்று பிள்ளைகளை வளர்த்துவிட்டு, ஒரு மார்ச் மாதத்தில் செத்துப்போனது. அவர்கள் வீட்டுச் சரிவில் மாட்டை விட்டால் உருண்டு கீழே கோவில் முற்றத்தில்தான் போய் நிற்கும். அங்கே விளைகிற புல் ஓர் ஆட்டுக்குத்தான் போதும். ஆகவே அந்த ஓர் ஆடு எந்த இனம் என்பது அகாத்தாவுக்கு விளையாட்டான கேள்வி இல்லை. தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அவள் மறுபடியும் தூக்குவாளியை எடுக்கவேண்டும். இந்தத் தடவை நிற்கவேண்டிய வாசல் கணவனின் அண்ணன் பதிஸ்டுடையது.

பதிஸ்டுக்கு இருபது மாடுகள். அந்த மாடுகளைவிட அவர் பெருமைப்பட்டது ஏழு வெள்ளை ஆடுகளைப் பற்றி. கோடையில் மாடுகளை மலை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகும் நாளில், ஊர்வலத்துக்கு முன்னால் வெள்ளை ஆடுகள்தான் போகவேண்டும். சோப்புப் போல வெள்ளை, கொம்பு கூடாது. பதிஸ்டின் தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டில் கொம்பில்லாத பெட்டையைக் கொம்பில்லாத கடாவோடு மட்டும்தான் சேர்ப்பார்கள். எவ்வளவு கறக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. ரோட்டோரம் நிற்கிறவர்களுக்கு மடி தெரியாது அல்லவா?

ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாநிலக் கூட்டம். ஆண்கள் எல்லாரும் இடுப்பில் வாளைக் கட்டிக்கொண்டு சதுக்கத்தில் நின்று, கை தூக்கிச் சட்டம் போட்டுவிட்டு வருவார்கள். வாள்தான் ஓட்டுரிமைக்கு அடையாளம்; அது இல்லாத பெண்கள் ஜன்னலிலிருந்து பார்க்கலாம். அன்று சாயங்காலம் அந்த வாளோடே பதிஸ்ட் தம்பியின் சமையலறைக்கு வந்தார். பின்னால், கயிற்றின் முனையில், ஒரு வயது நிரம்பிய இளம் வெள்ளைப் பெட்டை.

“பேரு லில்லி. உனக்குத்தான்டா, சும்மாவே தர்றேன். ஒரே ஒரு நிபந்தனை, ஊர்வலத்துல எங்களோட வரணும்.”

வெண்டெலினுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் தும்மினாலும் அவனுக்குக் கண் கலங்கும்.

“பால்?” என்றாள் அகாத்தா.

“அடுத்த வசந்தத்துல குட்டி போடும். அப்புறம் கறந்துக்கயேன்.”

“எனக்கு இன்னிக்குப் பால் வேணும், பதிஸ்ட். மேலத்தெரு விதவை ஊரை விட்டுப் போறா, அவ பழுப்பு ஆட்டைக் கொடுக்கிறா. மூணு குட்டி போட்டது. மடி பை மாதிரி தொங்குது. பத்து மாசம் கறக்கும்.”

“இடது காது கிழிஞ்சுபோனதே, அதுவா?” பதிஸ்ட் சிரித்தார். “முதுகுல கறுப்புக் கோடு, தலையில ரெண்டு கொம்பு. அது ஆடா? பிசாசு மாதிரி இருக்கு. நம்ம குடும்பத்துத் தொழுவத்துல அது நுழையக்கூடாது.”

“பிசாசு பால் கொடுத்தா நான் கறப்பேன். அதோட அந்த விதவை இன்னொண்ணும் சொன்னா. ரெண்டு பக்கமும் கொம்பில்லாமலே சேர்த்துக்கிட்டுப் போனா, பொறக்கிறதுல சிலது ஆணும் இல்லாம பொண்ணும் இல்லாமப் போயிருமாம்.”

“பொம்பளைப் பேச்சு” என்றார் பதிஸ்ட். பிறகு, சதுக்கத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். “சரி, ஓட்டுக்கு விடுவோம். வெள்ளை ஆட்டை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க.”

அவர் கை எழுந்தது. வெண்டெலின் மனைவியைப் பார்க்காமல் தன் கையையும் தூக்கினான். அகாத்தாவும் எதிர்த்துக் கை தூக்கினாள்.

“வாள் இல்லாத கையை எண்ணுறதில்ல” என்றார் பதிஸ்ட். இரண்டு ஆண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாளைக் கழற்றாமல் உட்கார்ந்ததில் பதிஸ்ட் மேசை விரிப்பைக் கிழித்துவிட்டார். அதை அவர் கவனிக்கவில்லை. அகாத்தா கவனித்தாள்.

ஜூனில் ஊர்வலம் வந்தது. அகாத்தாவின் எட்டு வயது மகள் லேனி, சிவப்புச் சட்டையும் வெள்ளைக் குல்லாயும் போட்டு ஆடுகளை நடத்திப்போனாள். முதல் ஆடு லில்லி. மணிச்சத்தம், மஞ்சள் கால்சட்டை போட்ட ஆண்கள், ரோட்டோரத்தில் பெருமூச்சு விடும் சனங்கள். அகாத்தா ஒரு வார்த்தை ஏளனமாகச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குப் பதில் அவளும் பெருமூச்சு விட்டாள். அவ்வளவு அழகாக இருந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் தன்னைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஊரே முட்டாளாக இருப்பதில் அவளுக்கு ஆச்சரியமில்லை. தனக்குள்ளும் அதே முட்டாள் ஒருத்தி, பூத்தையல் போட்ட கைக்குட்டையோடு, ரோட்டோரம் நிற்பாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அந்த வருடம் முழுக்க அவள் தூக்குவாளியோடு நடந்தாள். பதிஸ்டின் மனைவி ஜோசெஃபா கொல்லைப்பக்கம் போய்ப் பாலோடு திரும்புவாள். ஒன்றும் பேசமாட்டாள். ‘பாவம்’ என்று சொல்லாதவரை அகாத்தாவும் பேசவில்லை. நவம்பரில் ஒருநாள் வழியில் ஒரு வாய் குடித்துப் பார்த்தவள் நின்றுவிட்டாள். மாட்டுப் பாலெல்லாம் பாலாடைக்கட்டி ஆலைக்குப் போகிறது. இது ஆட்டுப் பால். பதிஸ்டின் வெள்ளை ஆடுகள் எல்லாம் அக்டோபரிலேயே வற்றிவிட்டன. அப்படியானால் இது எந்த ஆடு?

அதே இலையுதிர் காலத்தில் லில்லி பருவத்துக்கு வரவேண்டும். வரவில்லை. பதிஸ்டின் கடாவிடம் மூன்று முறை கூட்டிப்போனார்கள். கடா மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி நின்றது. லில்லியோ கடா மாதிரி மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு, மற்றப் பெட்டைகள் மேல் தாவ ஆரம்பித்தது. அதன் மேல் கடாவின் நாற்றமும் அடித்தது.

“கூச்சம்” என்றார் பதிஸ்ட். “உசந்த ரத்தம். அது ஆள் பார்த்துத்தான் சம்மதிக்கும்.”

அகாத்தா அதை வீட்டுக்கு ஓட்டிவந்து, வாலைத் தூக்கிப் பார்த்தாள். பெண்குறி இருக்கவேண்டிய இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு முளை துருத்திக்கொண்டிருந்தது. விதவை சொன்னது அப்படியே வந்து நின்றது.

“வந்து பாரு, வெண்டெலின்.”

“நான் எதுக்குப் பார்க்கணும்?”

“நீதான கை தூக்கின.”

அவன் பார்த்தான். “அண்ணன்கிட்ட சொல்லவேண்டாம். மனசு கஷ்டப்படுவார்” என்றான். முந்தின நாள் வாங்கிய பால் தீர்ந்துபோய், குழந்தைகள் மூன்றும் கறுப்புக் காப்பியில் ரொட்டியை நனைத்துத் தின்ற ஒரு காலை நேரத்தில், அண்ணனின் மனசைப் பற்றிக் கவலைப்பட ஒரு ஆணால்தான் முடியும் என்று அகாத்தா நினைத்துக்கொண்டாள்.

அடுத்த ஜூன் மாதம். ஊர்வலத்து விடியற்காலையில் அவள் லில்லியைக் குளிப்பாட்டி, லேனிக்குச் சிவப்புச் சட்டை மாட்டி, இருவரையும் பதிஸ்டின் முற்றத்தில் கொண்டுபோய் விட்டாள். ஆண்கள் மாடுகளுக்குப் பெரிய மணிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் நேராகக் கொல்லைக் கொட்டகைக்குப் போய்க் கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஜோசெஃபா குனிந்து கறந்துகொண்டிருந்தாள். பழுப்பு ஆடு. முதுகில் கறுப்புக் கோடு, தலையில் இரண்டு கொம்பு. கிழிந்த இடது காது.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“போன வருஷம் கூட்டம் முடிஞ்ச மறுநாளே வாங்கிட்டு வந்துட்டார்” என்றாள் ஜோசெஃபா. “வெளியில விடக்கூடாதுன்னு உத்தரவு. ஊர் பார்த்துருமாம்.”

பின்னால் பூட்ஸ் சத்தம். மஞ்சள் கால்சட்டையும் சிவப்பு மேலங்கியுமாகப் பதிஸ்ட் வாசலில் நின்றார். அகாத்தாவைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். வெட்கம் என்ற ஒன்று அந்த முகத்தில் வருமா என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

“இங்க பாரு அகாத்தா, ஊர்வலம் வேற, காப்பி வேற. காப்பிக்குப் பால் வேணும்ல?”

“வேணும். எனக்கும்தான். லில்லி முற்றத்துல நிக்குது, பால் மாதிரி வெள்ளை. உன் பரிசை உனக்கே திருப்பிக் கொடுத்துட்டேன். இதை நான் கூட்டிட்டுப் போறேன்.”

“பைத்தியமா உனக்கு?”

“ஓட்டுக்கு விடுவோம். பழுப்பு ஆடு என்னோட வரணும்னு ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க.” அவள் தன் கையைத் தூக்கினாள்.

ஜோசெஃபா கறப்பதை நிறுத்தினாள். பிறகு அவள் கை மெதுவாக எழுந்தது. விரல்களிலிருந்து பால் சொட்டியது.

“ஜோசெஃபா! நாளைக்கு உன் காப்பிக்கு என்ன பண்ணுவ?”

“இருபத்திரண்டு வருஷமா நான் கறுப்புக் காப்பிதான் குடிக்கிறேன், பதிஸ்ட். நீ பார்த்ததில்ல.”

“உங்க ஓட்டெல்லாம் எங்கேயும் செல்லாது!”

“உன் வாளைக் காணோமே இன்னிக்கு” என்றாள் அகாத்தா. “ரெண்டுக்கு ஒண்ணு. எண்ணத் தெரியும்ல?”

முற்றத்தில் மாடுகள் பொறுமையிழந்து மணியை ஆட்டின. யாரோ அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் வெளியே நிற்கிறார்கள். கொம்புள்ள பழுப்பு ஆட்டுக்காகச் சண்டை போட்டால், அது தன் கொட்டகையில் இருந்தது ஊருக்குத் தெரிந்துவிடும். பதிஸ்ட் ஒருமுறை ஆட்டைப் பார்த்துவிட்டு, தொப்பியில் இருந்த பூவைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.

கொல்லை வழி ரோட்டில்தான் முடிகிறது. ஆகவே ஊர்வலம் கடந்துபோகும்வரை அகாத்தா பழுப்பு ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்க வேண்டியதாயிற்று. முன்னால் லில்லி, ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல், தலை நிமிர்ந்து போனது. சனங்கள் பெருமூச்சு விட்டார்கள். லேனி அம்மாவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள். மாடுகளுக்குப் பின்னால் வந்த வெண்டெலின் அந்தக் கொம்புகளைப் பார்த்தான், கிழிந்த காதைப் பார்த்தான், பிறகு முன்னால் போகும் அண்ணனின் முதுகைப் பார்த்தான். அவன் கண் கலங்கவில்லை. அதுவே முதல் தடவை.

அகாத்தாவுக்கு இந்த வருடமும் ஒரு பெருமூச்சு வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்று மாலை அவள் பழைய தூக்குவாளியைத் தேய்த்துக் கழுவினாள். தூக்கி எறிய மனமில்லை, நல்ல வாளி. தன் கொட்டகையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அதை மடிக்குக் கீழே வைத்துக் கறக்க ஆரம்பித்தாள்.