றீற்றாவின் கட்ட எழுத்துகள்

நம் எழுத்தைப் பார்த்து யாராவது ஒரு கணம் நிற்கமாட்டார்களா என்று ஏங்குவதுதான் எழுத்து வரையும் தொழில். பக்கத்துக் கதிரைக்காரியின் எழுத்துக்கு அவர்கள் நின்றால் வயிறு எப்படி எரியும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கணக்குக் கொப்பி

தொண்ணூறுகளின் கடைசியில், மல்லாவியில் ஒரு கொம்பியூட்டர் கடையில் நோட்டீஸ்களுக்குத் தலைப்பெழுத்து வரைந்துகொண்டிருந்தேன். பதினைந்து வருடம் போர்ட் எழுதிய கை. என் வளைவுகளில் எனக்குக் கர்வம். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த றீற்றா அங்கே தட்டச்சுச் செய்தாள். ஜெனரேற்றர் நிற்கும் நேரமெல்லாம் கணக்குக் கொப்பியின் கட்டங்களைக் கறுப்பாக நிரப்பி எழுத்துச் செய்வாள். ஓரெழுத்துக்குப் பன்னிரண்டு கட்ட உயரம். வளைவே கிடையாது, எல்லாம் படிக்கட்டு. பழைய கொம்பியூட்டர்த் திரையில் வரும் எழுத்துப்போல இருக்கவேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

"கல் அடுக்கினமாதிரிக் கிடக்கு" என்றேன். முதலாளி கொப்பியை வாங்கிப் பார்த்தார். "ஓம், ஆனால் தூரத்தில நிண்டும் வாசிக்கலாம். இதையும் கொம்பியூட்டரில ஏத்துவம். கடைக்குப் புதுப் போர்ட் போடேக்க, ரெண்டு பேற்ற எழுத்திலயும் நல்லதைப் போடுவம்."

தகரம்

கூட்டுறவுச் சங்கக்கடைக்காரர் மா மூடைகளில் ஊர்ப்பெயர் அடிக்கத் தகர அச்சுக் கேட்டார். தகரம் வெட்டுபவர் அரை நாள் என் வளைவுகளோடு மல்லுக்கட்டி, விரலையும் கிழித்துக்கொண்டார். றீற்றாவின் எழுத்து நேர்வெட்டு. தேத்தண்ணி ஆறமுன்னர் முடிந்தது. விரலில் துணி சுற்றியபடி அவர் சொன்னார்: "உங்கட எழுத்தைக் கண்ணாலதான் பாக்கலாம் அண்ணை, கிட்டப் போகேலாது."

ஒரு புள்ளி

அவளுடைய எழுத்துகளைக் கொம்பியூட்டரில் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. நான் நல்லவன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் சாப்பிடப் போன நேரம் 'ழ'வின் வாலில் ஒரு கட்டத்தை, திரையில் ஒரேயொரு புள்ளியை, அழித்தேன். நொண்டட்டும் என்றுதான். ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்கிறேன். அவளிடம் பிழை கிடைக்கவில்லை, அதனால் நானே ஒன்றை வைத்தேன் என்பதைத் தவிர வேறு மறுமொழி இல்லை.

பிறின்ரர் கரகரத்துத் தாளைத் தள்ளியது. றீற்றா அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். "அண்ணை, இந்த ழவில ஏதோ கூடிப்போச்செண்டு ரெண்டு கிழமையாத் தலையை உடைச்சனான். நீங்கள் எடுத்து விட்டிட்டியள். உங்கட கண் ஆருக்கும் வராது."

தலையணை

ஒரு கட்டத்துக்கு ஒரு தையல் என்று ஊர்ப் பெண்களும் துணியில் எழுத்துத் தைக்க அவளுடைய கொப்பித்தாள்களைக் கேட்டு வாங்கினார்கள். ஒரு மத்தியானம் சாய்ந்தால், என் தலையணை உறையில் என் பெயர், றீற்றாவின் எழுத்தில். மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். "என்ன முறைக்கிறியள்? உங்கட எழுத்து வடிவுதான், எண்ணித் தைக்கேலாதே."

போர்ட்

முதலாளி தேர்ந்தது றீற்றாவின் எழுத்தை. தூரிகை பிடிக்கத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். மூன்று நாள் ஏணியில் நின்று, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, கட்டம் கட்டமாக அவளுடைய எழுத்தை எழுதினேன். வளைவதற்குக் கை துடித்தது, விடவில்லை. கீழே ஒரு மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, ஒற்றைக் காலை ஊன்றி அண்ணாந்து பார்த்தார். "இப்பதான் அண்ணை உங்கட கை திருந்தியிருக்கு. முந்தியே இப்பிடி எழுதியிருக்கலாமே?"

பதினைந்து வருடம் ஏங்கிய பாராட்டு இன்னொருத்தியின் எழுத்துக்கு வந்தபோதும், அவள் பெயரைச் சொல்லாமல், ஏணியில் நின்றபடியே தலையாட்டி வாங்கிக்கொண்டவன் நான்.