உவரியில் விட்ட செருப்பு

மணப்பாட்டில் வள்ளத்தை விட்டு இறங்கியதும் மணல் உள்ளங்காலைச் சுட்டது. சிறுவயதில் இதே மணலில் என் அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துள்ளியது நினைவுக்கு வந்தது; கூடவே எரிச்சலும் வந்தது.

அப்பா கணக்கு வாத்தியார். உவரியில் ஏறும்போது வள்ளக்காரர், "செருப்பக் கழத்திட்டு ஏறுங்க சார்" என்றார். அப்பாவோ கோயில் வாசலில் விடுவதுபோல் கரையிலேயே ஜோடியாக விட்டுவிட்டு ஏறிவிட்டார். இறங்கப்போவது வேறு ஊர் என்பது அந்த மண்டையில் ஏறவில்லை. இங்கே கருவாடு காயப்போட்ட பெண்கள் சிரித்ததும் அம்மாமேல் பாய்ந்தார்.

"ஏட்டி, நீ பாத்து எடுத்திருக்கக் கூடாதா?"

தப்பு அவருடையது, ஏச்சு அம்மாவுக்கு.

இப்போது என் மனைவி பையிலிருந்து தன் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, என் காலைப் பார்த்தாள்.

"ஒங்க செருப்பு எங்க?"

"உவரிலதான் கெடக்கு" என்றேன். "ஏட்டி, நீ பாத்து எடுத்திருக்கக் கூடாதா?"